இருபது வட்டங்கள்

கடையில் வாங்கிய ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கக் கூடாது என்று பங்குச்சாமியார் ஞாயிறு பூசை முடிவில் அறிவித்துவிட்டார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் மரப் போட்டிக்கு அது ஒன்றுதான் விதி. மரத்தில் தொங்குவதெல்லாம் வீட்டுக் குப்பையில் செய்ததாக இருக்க வேண்டும். முப்பது நாற்பது குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒருமுறை யார் வீட்டிலாவது கூடி ஜெபிக்கிற தெருக் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். அந்தக் கோவிலுக்கு உட்பட்ட பங்கில் அப்படி ஒன்பது அன்பியங்கள். ஒன்பதும் ஆளுக்கொரு மரம் செய்து இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலத்துக்குள் கோவில் வளாகத்தில் நிறுத்திவிட வேண்டும்.

ஆனந்தமேரியின் அன்பியத்துக்குத் தலைவர் மரியராஜ். அரசுப் பேருந்தில் முப்பது வருஷம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். நத்தம் ரோட்டோரத்தில் கிடந்த ஆள் உயரச் சீமைக் கருவேலங்கிளை ஒன்றை வெட்டி, சுண்ணாம்படித்து, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"முள்ளுமரத்துலயா கிறிஸ்துமஸ்?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"சவுக்க வெட்டுனா கேஸு. இத வெட்டுனா கவர்மெண்டே கைதட்டும். நூலு வேணாம், கொக்கி வேணாம், முள்ளுலயே குத்தித் தொங்கவிட்டுரலாம். என்ன சிஸ்டரம்மா, நான் சொல்றது?"

சிஸ்டரம்மா என்று அவர் கூப்பிட்டது ஆனந்தமேரியைத்தான். அவள் கன்னியர் மடத்தை விட்டு வந்து இருபத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. இருபது வயதில் போனவள், முப்பத்து நாலில் ஒரு தகரப் பெட்டியோடு திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினாள். ஏன் வந்தாள் என்று அவள் யாரிடமும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஓடிவந்துவிட்டாள் என்று ஊர் தானாகவே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டது. மரியராஜைப் போன்ற சிலர் பழைய வாய்ப்பழக்கத்தில் இன்னும் சிஸ்டர் என்பார்கள். கூப்பிட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அவள் கேட்காத மாதிரி இருந்துவிடுவாள்.

அலங்கார வேலையை அவள் பொறுப்பில் விட்டதற்கு யாருக்கும் மறுப்பு இல்லை. மடத்தில் பதினாலு வருஷமும் கைவேலை வகுப்பு எடுத்தவள். மாத்திரை அட்டைகளைச் சேர்த்து வெள்ளி மணி செய்வாள். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து, நாடாவாக நறுக்கி, சடைபோலப் பின்னி வளையம் கட்டுவாள். முட்டை அட்டைக் குழிகளை வெட்டிப் பூவாக்குவாள். ஆனால் அவளுடைய பேர் சொல்லும் வேலை கல்யாண அழைப்பிதழ்களில் செய்கிற உருண்டைதான். ஒரு உருண்டைக்கு இருபது வட்டம் வேண்டும். தைல டப்பாவின் மூடியை அட்டையில் வைத்து வரைந்து வெட்டி, ஒவ்வொரு வட்டத்திலும் மூன்று ஓரங்களை மடித்தால் நடுவில் ஒரு முக்கோணம் நிற்கும். மடித்த ஓரங்களை ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். மேலே ஐந்து, கீழே ஐந்து, இடுப்பைச் சுற்றிப் பத்து. பசையும் வீட்டிலேயே காய்ச்சியதுதான். கரப்பான் அரிக்காமல் இருக்க மைதாவில் ஒரு சிட்டிகை துருசு சேர்ப்பாள். காய்ந்த பிறகு பார்த்தால் ஜிகினாவும் தங்க எழுத்துமாக, இது எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்கத் தோன்றும்.

அட்டைகள் பல திசையிலிருந்தும் வந்தன. பேகம்பூரில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் இஷாக் ஒரு கட்டு கொடுத்தார். "அக்கா, 786 போட்ட துண்ட மட்டும் கத்திரிச்சு ஒரு கவர்ல போட்டு வச்சிருங்க. நானே வந்து வாங்கிக்கறேன்" என்றார். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி சுந்தரம்மாள் தன் பங்குக்கு ஒரு பை கொடுத்து, "பிள்ளையார் மொகத்துல கத்திரிய வச்சிராதீக, பாவம் வந்து என் வீட்டு மாடியிலதான் ஒக்காரும்" என்றாள். ஆனந்தமேரி இரண்டுக்கும் தனித்தனி உறை வைத்திருந்தாள். அடுத்தவர் வீட்டு அட்டை ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுத்தான் மூடியை வைத்து வரைவாள்.

டிசம்பர் இருபதாம் தேதி அனிஷா ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். ஆனந்தமேரியின் தம்பி மிக்கேல்ராஜின் மகள். அவளுக்கும் பிராங்கிளினுக்கும் நடந்த கல்யாணத்துக்கு அடித்து மிஞ்சிய அழைப்பிதழ்கள், நூறு இருக்கும். தடித்த மெரூன் அட்டை, தங்கக் கரை.

"பரண்ல கெடந்துச்சு அத்தை. அம்மா, அப்பிடியே தூக்கிட்டுப் போன்னு சொல்லுச்சு. எல்லாத்தையும் வெட்டித் தள்ளுங்க. என் கல்யாணமே மரத்துல தொங்கட்டும்."

"வாயக் கழுவுடி" என்று ஆனந்தமேரி சிரித்தாள்.

அந்த மாதம் முழுவதும் அவளுக்குச் சிரிப்பு தாராளமாகவே வந்தது. இருபத்து ஏழாம் தேதி அவள் அனிஷாவோடு கோயம்புத்தூர் போகிறாள். விருந்துக்கு அல்ல, ஒரேயடியாக. அனிஷாவுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. பேறுகால விடுப்பு முடிந்து ஜனவரி இரண்டாம் தேதி அவள் அலுவலகம் போயாக வேண்டும். "நீங்க வந்து என்கூடவே இருந்துருங்க அத்தை. இந்த மாடி ரூம்ல தனியாக் கெடந்து என்ன செய்யப் போறீங்க" என்று அக்டோபரில் போனில் கேட்டபோது ஆனந்தமேரி ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. பள்ளிக்கூட அலுவலக வேலையிலிருந்து மே மாதமே ஓய்வு பெற்றுவிட்டாள். சுந்தரம்மாளிடம் வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டாள். சுந்தரம்மாளும் வேறு ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். கட்டிலை ஒருவருக்கும் தையல் மிஷினை ஒருவருக்கும் கொடுத்தாயிற்று. கோயம்புத்தூர்க் குடியிருப்பின் வாசல் காவலில் கொடுக்க வேண்டும் என்று அனிஷா கேட்டதால், ஸ்டுடியோவுக்குப் போய்ப் புகைப்படம் எடுத்து, ஆதார் நகலோடு அனுப்பிவிட்டாள். படத்தில் சற்றுச் சிரித்தபடி இருந்தாள்.

அந்த மாடி அறைக்கு அவள் வந்ததே ஒரு கோபத்தில்தான். அதுவும் இந்த அழைப்பிதழால் வந்த கோபம்.

அனிஷாவுக்கு நாலு வயதாக இருக்கும்போது ஆனந்தமேரி தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தம்பி மனைவி சகாயராணி மருத்துவமனையில் நர்ஸ். பாதி நாள் இரவு வேலை. பிள்ளைக்குத் தலை வாரியது, கையைப் பிடித்து எழுத வைத்தது, அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்தது, கல்லூரிக்குப் பணம் கட்டியது எல்லாம் அத்தைதான். மூன்று வருஷத்துக்கு முன் கல்யாணம் கூடியபோது அழைப்பிதழ் வாசகத்தை எழுதியதும் அவள்தான். அழைப்பவர்கள் பட்டியலில் தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனவளை அனிஷாதான் தடுத்தாள். "உங்க பேர எழுதுங்க அத்தை. நீங்க இல்லாம எனக்கென்ன கல்யாணம்?" கூச்சத்தோடு கடைசி வரியாக எழுதினாள்: செல்வி சே. ஆனந்தமேரி, மணமகளின் அத்தை.

அச்சாகி வந்த அழைப்பிதழில் அந்த ஒரு வரி இல்லை.

அச்சகத்துக்காரன் விட்டுவிட்டான் என்றான் தம்பி. திரும்ப அடிக்க நாளில்லை என்றான். ஆனந்தமேரி நேராக அச்சகத்துக்குப் போனாள். முதலாளி பொன்னழகை வாடிக்கையாளர்கள் முன்னால் நிற்க வைத்துக் கிழித்தாள். கூலி வாங்குகிறவனுக்குக் கண் எங்கே போயிற்று என்று கேட்டாள். அந்த மனுஷர் தலையைக் குனிந்துகொண்டு, "விட்டுப்போச்சும்மா, மன்னிச்சுக்கங்க" என்றார். ஒரு டீ வாங்கிவரச் சொன்னார். அவள் குடிக்கவில்லை. திரும்பி வரும் வழியில்தான் அவளுக்கு உறைத்தது. பதினாறு பேரில் சரியாகத் தன் பெயர் மட்டும் தானாக விட்டுப்போகுமா? யாரோ சொல்லி எடுத்திருக்கிறார்கள். யார் என்று அவள் அதிகம் தேடவில்லை. வீட்டில் அவளுக்கும் சகாயராணிக்கும் அடுப்படியில் இருபது வருஷப் புகைச்சல் இருந்தது.

"நீதானடி எடுக்கச் சொன்ன?" என்று கேட்டாள்.

சகாயராணி கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு, "அப்பிடியே வச்சுக்கங்க மதினி" என்றாள்.

கல்யாணத்துக்கு மறு வாரம் ஆனந்தமேரி பெட்டியைக் கட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவில் சுந்தரம்மாளின் மாடிக்குக் குடிவந்தாள். மூன்று வருஷமாக அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. கோவிலில் எதிரே வந்தால் சகாயராணி ஒதுங்கி வழிவிடுவாள். அனிஷா மட்டும் வாரம் தவறாமல் போன் செய்வாள். அது ஒன்று போதும் என்றுதான் இருந்தது.

இருபத்து மூன்றாம் தேதி மதியம். பதினோரு உருண்டைகள் முடிந்து முறத்தில் காய்ந்துகொண்டிருந்தன. பன்னிரண்டாவதற்கு மெரூன் அட்டை எடுத்தாள். அடுத்தவர் வீட்டு அட்டை என்றால் பிள்ளையார் இருக்கிறாரா, எண் இருக்கிறதா என்று பார்ப்பாள். இது தன் வீட்டு அட்டை. முன்னால் திருக்குடும்பப் படம், பின்னால் மண்டபத்துக்கு வழி, அவளுக்கு மனப்பாடம். பெட்டியைக் கவிழ்த்து, அடியிலிருந்து மேலே வந்த ஐந்தைச் சேர்த்துக் கிளிப் போட்டு, மேலட்டையில் மட்டும் மூடியை வைத்து வரைந்து, ஐந்தையும் ஒன்றாக வெட்டினாள். சரசரவென்று வட்டங்கள் மடியில் விழுந்தன.

மடிக்கும்போதுதான் ஒரு வட்டத்தில் வெள்ளை மை தெரிந்தது.

குழந்தை கிறுக்கியிருக்கும் என்று நினைத்தாள். பிறகு, இந்த அட்டைகள் பரணில் ஏறியபோது குழந்தையே பிறக்கவில்லை என்று நினைவு வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். தங்க எழுத்தில் 'னந்தமேரி, மணமக' என்று இருந்தது. அதன் மேல் நேராக ஒரு வெள்ளைக் கோடு.

மற்ற நாலு அட்டைகளிலும் அந்த இடத்தில் வெற்று மெரூன்தான். அவள் பெயர் அச்சான அழைப்பிதழ் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மடியிலிருந்ததைத் தரையில் கொட்டினாள். வெள்ளை மை பட்ட வட்டங்களைப் பொறுக்கினாள். வட்டங்களுக்கு இடையில் விழுந்த வெட்டுத் துண்டுகளைக் குப்பை முறத்திலிருந்து தேடி எடுத்தாள். பிய்ந்த ஜெபமாலை மணிகளைக் கோக்கிற மாதிரி ஒவ்வொன்றாக வைத்து நகர்த்தி அந்த ஒரு அட்டையைத் தரையில் கூட்டினாள். கால் மணி நேரம் ஆயிற்று.

அது அச்சுக்கு முன் பார்வைக்குக் கொடுக்கிற பிரதி. பொன்னழகு அசல் அட்டையிலேயே ஒன்று அடித்துக் காட்டுவார். வாடிக்கையாளர் திருத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் மிஷின் ஓடும். பின்னால் தகராறு வந்தால் காட்ட வேண்டும் என்பதற்காக, அந்தக் கையெழுத்துப் பிரதியை அழைப்பிதழ்ப் பெட்டியின் அடியிலேயே போட்டு அனுப்பிவிடுவார். பெட்டியின் அடி வரை யாரும் போகவில்லை.

ஓரத்தில் வெள்ளை மையில் மூன்று வரி இருந்தது.

'இந்த ஒரு வரி மட்டும் வேண்டாம் அண்ணா. அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். மற்றதெல்லாம் சரி, அச்சிடலாம்.'

கீழே அனிஷா என்று கையெழுத்து, தேதி. கையெழுத்தே தேவையில்லை. புள்ளியைப் புள்ளியாக வைக்காமல் குட்டி வட்டமாகச் சுழிக்கிற கை அது. நாலு வயதில் சிலேட்டில் சுழித்தபோது, அழகாக இருக்கிறது என்று ஆனந்தமேரிதான் விட்டுவிட்டாள்.

மாடிப்படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அனிஷா வந்தாள்.

"அத்தை, பால் பாட்டில் கழுவச் சுடுதண்ணி இருக்கா? உங்க துணியெல்லாம் ரெண்டே பையில அடங்கிரும்ல? கார்ல எடமில்லன்னு பிராங்கிளின் இப்பவே பொலம்புறாரு..."

அத்தை தரையில் உட்கார்ந்திருப்பதையும் எதிரே விரிந்து கிடப்பதையும் பார்த்தாள். குனிந்தாள். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"இது எப்பிடி..."

"நீதான தூக்கிட்டு வந்த. எல்லாத்தையும் வெட்டித் தள்ளச் சொன்ன. வெட்டுனேன்."

"அத்தை, அது வந்து..."

"உக்காரு. புள்ளைய எறக்கி விடு. நின்னுக்கிட்டுப் பேச வேணாம்."

அனிஷா உட்கார்ந்தாள். குழந்தை தவழ்ந்து போய் ஒரு வட்டத்தை எடுத்து வாயில் வைத்தது. ஆனந்தமேரி விரலை விட்டு அதை எடுத்து, எச்சிலைத் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"அன்னைக்கு நெலமை அப்பிடி அத்தை. பிராங்கிளின் அம்மா போன் பண்ணுனாங்க. அவங்க பக்கத்துல ரெண்டு சாமியார், மூணு சிஸ்டரு. எல்லார் பேரும் கார்டுல வருது. 'ஒங்க பக்கம் ஒரு அத்தை மடத்த விட்டு வந்தவங்களாமே, அவங்க பேர எப்பிடிப் போடுவீங்க'ன்னு கேட்டாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"நீ என்ன சொன்ன?"

அனிஷா முந்தானை நுனியைச் சுருட்டினாள்.

"சொல்லுடி. கேக்குறேன்ல."

"அவங்க எங்ககூட இல்ல, போக்குவரத்து இல்லன்னு சொல்லிட்டேன்."

ஆனந்தமேரிக்குக் கல்யாண நாள் ஒவ்வொரு துண்டாகக் கூடிவந்தது. நகைப்பை பத்திரம் அத்தை, உங்களை விட்டால் யாரை நம்புவது என்று சொல்லி அவளை மணமகள் அறையில் உட்கார வைத்தது அனிஷாதான். மேடையில் குடும்பப் படம் எடுத்தபோது அவள் உள்ளே நகைப்பையோடு இருந்தாள். நம்பிக்கை என்று நினைத்துப் பூரித்துப்போய் இருந்தாள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கோயம்புத்தூரில். சின்னதாகத்தான் செய்கிறோம், நீங்கள் அலைய வேண்டாம் என்றார்கள். அவளும் அலையவில்லை.

"ஒங்கப்பனுக்குத் தெரியுமா?"

"கார்டு வந்தப்புறம் தெரியும்."

"அம்மாவுக்கு?"

"தெரியும். நீங்க வந்து சத்தம் போட்டப்ப, 'நான் அந்தப் பேர வாங்கிக்கறேன், நீ நிம்மதியாக் கல்யாணத்தப் பண்ணு'ன்னுச்சு."

"பிரஸ்காரனுக்கும் தெரியும். எனக்கு டீ வாங்கித் தந்தான் மனுசன்." ஆனந்தமேரி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "ஊருல எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியாது. மூணு வருசமா ஒங்கம்மா மொகத்துல முழிக்காம இருந்தேனே, ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீங்க எங்கிட்டயும் பேச மாட்டீங்கன்னு பயம்."

அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. குழந்தை முறத்தருகே போய் உருண்டைகளைத் தட்டி உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. ஆனந்தமேரிக்குள் ஒரு கேள்வி மெதுவாக எழுந்தது. கேட்காமல் விட்டால் இருபத்து ஏழாம் தேதி காரில் ஏறிவிடலாம். அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"ஒன் மாமியாரு ஒங்ககூடத்தான இருக்காங்க?"

"ஆமா."

"நான் போக்குவரத்து இல்லாதவ. அப்ப இப்ப ஒங்கூட வாரது யாரு?"

அனிஷா குழந்தையைப் பார்த்தாள்.

"என்னைய என்னன்னு சொல்லி வச்சிருக்க அனிஷா?"

"ஊர்ல... நம்பிக்கையான ஒரு அம்மான்னு. எங்க பங்குல தெரிஞ்சவங்கன்னு." பிறகு அவசர அவசரமாகச் சொன்னாள். "செத்த நாளைக்குத்தான் அத்தை. அவங்க ஒங்களோட பழகிட்டா, ஒங்க கைச் சாப்பாடு சாப்பிட்டா, அப்பறம் நானே பக்குவமா எடுத்துச் சொல்லிருவேன். பிராங்கிளினும் அதான் சொன்னாரு."

"வாசல்ல குடுக்க போட்டோ கேட்டியே, அது?"

"வீட்டோட தங்குற ஆளுக்கு எல்லாரும் குடுக்கணும் அத்தை. அது அங்க ரூலு."

"வீட்டோட தங்குற ஆளு." ஆனந்தமேரி அந்தச் சொற்களை ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தாள். "சம்பளம் பேசியாச்சா?"

"அத்தை!"

"இல்ல, கேட்டிருப்பாங்கல்ல ஒன் மாமியாரு. சம்பளம் இல்லாம ஒருத்தி வாரான்னா சந்தேகம் வருமே. எதாச்சும் சொல்லியிருப்பேல்ல?"

அனிஷாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அவள் மறுக்கவில்லை.

ஆனந்தமேரி எழுந்து போய்ச் சுடுதண்ணீர் எடுத்துப் பால் பாட்டிலைக் கழுவினாள். கவிழ்த்து வைத்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தாள். அவளுக்கு இன்னும் போக ஆசை இருந்தது. அதை மறைத்து என்ன. குழந்தையின் தலையில் பால்வாசம் இருந்தது. இருபத்து நாலு வருஷத்தில் அவளுக்கென்று இருந்தது இந்த ஒருத்திதான்.

"சரி. இப்ப போன் போடு."

"யாருக்கு?"

"ஒன் மாமியாருக்கு. ஸ்பீக்கர்ல போடு. 'கூட வாரது என் அத்தை, என்னைய வளத்தவங்க, மடத்துல இருந்து வந்தவங்க, பேரு ஆனந்தமேரி'ன்னு சொல்லு. வேற ஒண்ணும் வேணாம். அவுக என்ன ஏசுனாலும் நான் கேட்டுக்கறேன். நீ சொன்னாப் போதும், இருவத்தேழாந்தேதி நான் வண்டியில ஏறிருவேன். பழசப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அனிஷா போனை எடுத்தாள். திரையைத் திறந்தாள். பெயரைத் தேடி நிறுத்தினாள். கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. தெருவில் உப்புக்காரன் ஒருவன் கூவிக்கொண்டு போய்த் தெருமுனை திரும்பும் வரை அது அப்படியே நின்றது.

"இப்ப அவங்க தூங்குற நேரம் அத்தை" என்றாள். "ஊருக்குப் போயி, நேரம் பார்த்து..."

"சரி" என்றாள் ஆனந்தமேரி.

"சரின்னா?"

"நான் வரலடி."

"அத்தை, வெளையாடாதீங்க. ரெண்டாந்தேதி எனக்கு ஆபீஸு. இப்ப போயி நான் யாரத் தேடுவேன்? குட்டிய யாரு பாத்துக்குவா?"

அந்தக் கேள்வி வெளியே வந்த வேகத்தைக் கேட்டு அனிஷாவே திடுக்கிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனந்தமேரி குழந்தையைத் தூக்கி, மூக்கைத் துடைத்து, சட்டையில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அவளிடம் கொடுத்தாள்.

"நம்பிக்கையான அம்மா ஊர்ல நெறையப் பேரு இருப்பாக. விசாரிச்சுப் பாரு. பாட்டில மறந்துறாத."

கொலுசுச் சத்தம் படியிறங்கிப் போயிற்று. அவள் தரையில் கிடந்ததைக் கூட்டி அள்ளவில்லை. மிதிக்காமல் சுற்றி நடந்தாள்.

நாலு மணிக்கு மரியராஜ் வந்து வாசலிலேயே நின்று கத்தினார். "சிஸ்டரம்மா! எட்டாம் அன்பியத்துக்காரங்க தேங்கா ஓட்டுல ஒட்டகம் செஞ்சு கொண்டாந்துட்டாங்க. பாத்தா ஒட்டகம் மாதிரி இல்ல, மாசமா இருக்குற கழுத மாதிரி இருக்கு. நம்ம உருண்டை எத்தன தேறுச்சு?"

"பதினொண்ணு."

"பன்னெண்டுன்னீங்களே. அப்போஸ்தலர் கணக்கு."

"ஒண்ணு தேறல."

"அதுவுஞ் சரிதான், யூதாச விட்டுட்டம்னு சொல்லிருவோம்" என்று தானே சிரித்துக்கொண்டு, முறத்தோடு தூக்கிக்கொண்டு போனார். அவள் சிரிக்காததை அவர் கவனிக்கவில்லை.

தம்பி வீடு அடுத்த தெருவில்தான். போய்ச் சகாயராணியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று செருப்பைப் போட்டாள். படி பாதியில் நின்றுவிட்டாள். என்ன சொல்வது? உன்மேல் வீண்பழி போட்டேன் என்றா? மூன்று வருஷம் கோவில் வாசலில் ஒதுங்கி வழிவிட்டவள், வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். பழியைச் சுமந்ததும் மகளுக்காகத்தான், மதினிக்காக இல்லை. தம்பியோ கூடப் பிறந்தவன், கண்ணைப் பார்த்து அச்சகத்துக்காரன் என்றான். அந்த வீட்டுக்குப் போகக் கால் எழவில்லை. மிச்சப் படிகளை இறங்கிக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

சுந்தரம்மாள் ராத்திரிச் சோற்றுக்கு வெஞ்சனம் வைக்க மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க. மூட்டையெல்லாம் கட்டியாச்சா?"

"ஒண்ணாந்தேதி காலி பண்ண முடியாது போலம்மா."

"ஆத்தாடி! நத்தத்துல இருந்து புதுசாக் கட்டுன சோடி, பால் காய்ச்ச நாள் பாத்துட்டுப் போயிருச்சே. வாக்குக் குடுத்துட்டேனே நான். ஏன், மருமக கூட்டிட்டுப் போறான்னீக?"

"கூட்டிட்டுத்தான் போறா. வீட்டு வேலைக்கு."

மொச்சை உரித்த கை நின்றது. "யாரு? நீங்க வளத்தீகளே, அந்தப் புள்ளையா?"

"அந்தப் புள்ளைதான்."

சுந்தரம்மாள் சட்டியை நகர்த்தி வைத்தாள். முழங்காலில் கையூன்றி எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள். "கொல்லப்பக்கம் ஒரு ரூம்பு இருக்கு. மேல தகரம். வெயில் காலத்துல மனுசர் இருக்க முடியாது, இப்பமே சொல்லிட்டேன். சித்திரை வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள வேற பாத்துக்கங்க."

ஆனந்தமேரி பின்னால் போனாள். கதவு துருவேறி முனகித் திறந்தது. உள்ளே நெல் மூட்டைச் சாக்குகள், உடைந்த மிக்சி, ஒரு காலில்லாத நாற்காலி, இறந்துபோன சுந்தரம்மாள் வீட்டுக்காரரின் சைக்கிள். ஒரு சன்னல் இருந்தது.

"இன்னைக்கே ஒழிச்சுருவோம்" என்றாள் ஆனந்தமேரி. முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"செத்த இருங்க, ஆள் கூப்புடுறேன். அது சரி, கோயமுத்தூர்ல, ஏன் வரலன்னு கேட்டா என்ன சொல்லுவீக?"

"அங்க என்னைய யாருக்கும் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு அவள் குனிந்து முதல் சாக்கின் வாயைப் பிடித்து வெளியே இழுத்தாள்.